பஸ் வராத தரிப்பிடம்

அந்த மனுசி ஒரு கிழமையாய்த் தேத்தண்ணி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தவவாம். எங்கடை அல்ட்டன்ஹைமிலை, அதுதான் நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை, பின்னேரம் ஐஞ்சு மணியானால் காணும், "என்ரை டீ எங்கை? என்ரை டீ எங்கை?" எண்டு கரண்டியாலை மேசையிலை தட்டுவா. ஜெர்மன் பிள்ளையள் ஓடியோடிக் கோப்பை கோப்பையாய்த் தேத்தண்ணி கொண்டுபோய் வைச்சினம். அவ கோப்பையைத் தள்ளிவிட்டுட்டு இன்னும் பலமாய்த் தட்டினா. லீவு முடிஞ்சு வந்த அண்டைக்கு இந்தக் கூத்தைப் பாத்து எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போச்சு. "அட விசருகளே, அவ சாப்பாடெல்லோ கேக்கிறா" எண்டு தமிழிலையே சொல்லிப்போட்டன். இங்கிலாந்தின்ரை வடக்குப் பக்கத்திலை பின்னேரச் சாப்பாட்டுக்குப் பேர்தான் டீ. ரெண்டு துண்டு பாணும் அவிச்ச முட்டையும் கொண்டுபோய் வைச்சன். அவ என்னை நிமிந்து பாத்து, "இவ்வளவு நேரமும் எங்கை போனனீ?" எண்டு இங்கிலிஷிலை கேட்டா. ஏதோ என்னைத் தெரிஞ்ச ஆள் மாதிரி.

அவ இங்கிலாந்துக்காரி, ஒரு ஜெர்மன்காரனைக் கட்டி இந்தப் பக்கம் வந்தவ. ஐம்பது வருசத்துக்கு மேலை இஞ்சை இருந்தவ. புருசன் போய், பிறகு மறதி வருத்தம் வந்து, இடையிலை படிச்ச ஜெர்மனை முதலிலை திண்டிட்டுது. மிஞ்சினது ஊர் இங்கிலிஷ். என்னோடை வேலை செய்யிற பிள்ளையளுக்குப் பள்ளிக்கூட இங்கிலிஷ் தெரியும், ஆனால் அவவின்ரை இழுவைப் பேச்சு ஒருத்தருக்கும் விளங்காது. எனக்கு விளங்கும். நான் ஜெர்மனியிலை இந்த ஹம் நகரத்துக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலை. அதுக்கெல்லாம் முதல், ஐஞ்சு வயதிலையிருந்து பத்து வயது மட்டும், அந்த வடக்குப் பக்கத்து ஆலை நகரம் ஒண்டிலைதான் வளந்தனான். அப்பா படிக்கவெண்டு போனவர், படிப்பு ஏறேல்லை, பஸ்ஸிலை டிக்கெட் கிழிச்சுப்போட்டு எங்களையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினவர்.

அந்த ஐஞ்சு வருசத்துக்கு என்னட்டை ஒரு சாட்சியும் இல்லை. படங்கள் எல்லாம் பிறகு சண்டைக்குள்ளை வீட்டோடை எரிஞ்சு போச்சு. அப்பா இல்லை, அம்மா இல்லை, கூடப் பிறந்த ஆக்களும் இல்லை. அந்தக் குளிர் வீட்டு அடுப்படியிலை சேலைக்கு மேலை அப்பாவின்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மா நிண்ட கோலம் என்ரை தலைக்குள்ளை மட்டும்தான் இருக்கு. அது போனால் போனதுதான், வேறை எங்கையும் எடுக்க ஏலாது.

அதாலை அந்த மனுசி எனக்குக் கிடைச்ச புதையல். கோப்பி நேரம் முடிஞ்சு ஒரு கால் மணித்தியாலம் அவவுக்குப் பக்கத்திலை இருந்து கதைப்பன். விடிய எழும்பினால் யன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் ஐஸ் பிடிச்சிருக்குமே, அதை நகத்தாலை சுரண்டிப் பேர் எழுதுவமே எண்டுவன். ஓமோம் எண்டு தலையாட்டுவா. வாசலிலை வைச்ச பால்போத்தலின்ரை வெள்ளிமூடியைக் குருவியள் கொத்திப்போட்டு பாலாடையைக் குடிச்சிட்டுப் போகுமே எண்டுவா அவ. மண்ணெண்ணெய் ஹீட்டரின்ரை மணம், வீட்டுப் பின்பக்க ஒழுங்கைக்குக் குறுக்கை கட்டின உடுப்புக் கொடி, நிலக்கரிக்காரன் வாற நாளிலை எல்லா வீட்டுக்காரியளும் ஓடிவந்து உடுப்பை அள்ளுறது, பேப்பரிலை சுத்தின சிப்ஸிலை ஊறின வினாகிரி. நாற்பத்தெட்டு வருசமாய் ஒருத்தரோடையும் கதைக்காத கதையள். வீட்டை போகேக்கை பஸ்ஸிலை தனியச் சிரிச்சுக்கொண்டு போவன். சந்தோசமாய் இருந்தது, அதை மறைக்கேல்லை.

பிறகுதான் ஒரு மாதிரி வரத் தொடங்கினது. ஒருநாள் மாப்பிளையை நடத்திக் கூட்டிக்கொண்டு போற மாதிரி அவவைப் பிடிச்சு நடத்திக்கொண்டு போறன், "மூண்டாம் படி பாத்து, அது கத்தும், அப்பா நித்திரை" எண்டு குசுகுசுத்தா. நாங்கள் நிண்டது மட்டமான நடை. படியே இல்லை. ஆனால் எங்கடை வீட்டிலை மூண்டாம் படி கத்தும், இரவு வேலை செய்து வந்து அப்பா படுத்திருப்பார். சரி, எல்லாப் பழைய வீட்டிலும் படி கத்துறதுதானே எண்டு விட்டன். அடுத்த கிழமை, பாணுக்கு வெண்ணெய் பூசிக் குடுக்கேக்கை, "அந்தத் திரையிலை பட்ட மஞ்சள் இனிப் போகாது, எத்தினை தரம் தோய்ச்சாச்சு" எண்டா.

நான் வெண்ணெய்க் கத்தியைக் கீழை வைச்சிட்டன். அம்மா கறிக் கையோடை அடுப்படித் திரையை இழுத்து, மஞ்சள் பிடிச்சு, வீட்டுக்கார வெள்ளைக்காரி வந்து பேசினது எனக்குத் தெரியும். அதை நான் இவவுக்குச் சொன்னனானோ? சொல்லியிருப்பன். சொல்லியிருக்கத்தான் வேணும். எவ்வளவு யோசிச்சும் சொன்ன ஞாபகம் வரேல்லை. இனி இவவோடை பழங்கதை கதைக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தன். ரெண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கேல்லை, திரும்பப் போய்ப் பக்கத்திலை இருந்திட்டன். என்ன செய்ய, வேறை ஆரோடை கதைக்கிறது?

நான் செய்த பிழை வேறை ஒண்டு. வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்கை எங்கடை ஆக்கள் ஆரும் "போறன்" எண்டு சொல்லுறேல்லை. அது அபசகுனம். "வாறன்" எண்டுதான் சொல்லுவம், போறதுக்கே. வாயிலை ஊறின பழக்கம், இங்கிலிஷ் கதைக்கேக்கையும் அதுதான் வந்திருக்கு. கோட்டைக் கொழுவிக்கொண்டு, "ஐ ஆம் கமிங்" எண்டு அவவுக்குக் கை காட்டிப்போட்டு வெளியாலை நடந்திருக்கிறன். நாளாந்தம். ஒருநாளும் யோசிச்சதே இல்லை.

எங்கடை தோட்டத்திலை ஒரு பொய் பஸ் தரிப்பிடம் இருக்கு. மறதி வருத்தக்காரர் வீட்டை போகவேணும் எண்டு றோட்டுக்கு ஓடாமல் இருக்க வைச்சது. மஞ்சள் வட்டத்துக்குள்ளை பச்சை எழுத்து, நேர அட்டவணை, குந்தியிருக்க ஒரு வாங்கு, எல்லாம் உண்மை மாதிரி. பஸ் மட்டும் வராது. நான் நாலு நாள் லீவிலை நிண்டிட்டு வந்தால், எங்கடை பிரிவுப் பொறுப்பாளி, நெடுத்த ஜெர்மன்காரி, வாசலிலையே மறிச்சா. "நீ அவவுக்கு என்ன சொன்னனீ? நாலு நாளாய் அந்த வாங்கிலை இருக்கிறா. தூக்கிக்கொண்டு வந்தால் திரும்பப் போறா. சாப்பாடு வாயிலை வைக்கிறா இல்லை. எங்களுக்கு விளங்கின மட்டிலை, பிள்ளை கடைக்குப் போட்டுது, வாறன் எண்டு சொன்னது, வந்த பிறகுதான் டீ எண்டுறாவாம். இண்டைக்கும் சாப்பிடாட்டி ஆஸ்பத்திரிதான்."

எனக்கு அப்பத்தான் பொறி தட்டினது. அவவுக்கு மட்டும் நான் அதைச் சொல்லேல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மாவுக்கும் "வாறன்" எண்டுதான் சொன்னனான். சண்டையிலை பாதை பூட்டினாங்கள், இஞ்சை விசாப் பேப்பர் கிடைக்கேல்லை, அங்கை அம்மா கண்ணை மூடிட்டா. நான் போகவே இல்லை. எவ்வளவு நாள் பாத்துக்கொண்டிருந்திருப்பா எண்டு நான் என்னைக் கேக்க விட்டதில்லை.

தோட்டத்துக்குப் போனன். மூண்டு மணி, மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ தூறிக்கொண்டிருந்தது. அவ கோட்டைக் கழுத்து மட்டும் பூட்டிக்கொண்டு, கைப்பையை மடியிலை வைச்சு, றோட்டே இல்லாத பக்கத்தைப் பாத்துக்கொண்டிருந்தா. "நான்தான், வந்திட்டன்" எண்டன். திரும்பிப் பாத்திட்டு, "நீ இல்லை, அது சின்னப் பிள்ளை" எண்டா. "உள்ளை வாங்கோ, சாப்பிடுவம்." மாட்டன் எண்டு தலையை ஆட்டினா. "வாறன் எண்டு சொன்னது."

அவவின்ரை சொண்டெல்லாம் வெடிச்சுப் போயிருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, கோவமும் வந்தது. நான் சொன்ன அந்த "வாறனை"த் திருப்பி எடுக்கவேணும், எடுக்க எனக்கு ஒரு வழிதான் தெரிஞ்சுது. இங்கிலாந்திலை இருக்கேக்கை பள்ளிக்கூடப் பிள்ளையளைப் பாத்து அம்மாவை நான் "மம்" எண்டுதான் கூப்பிட்டனான். ஊருக்குத் திரும்பின பிறகு அந்தச் சொல் என்ரை வாயிலை வந்ததில்லை. நான் அந்த ஈரத்திலை அவவுக்கு முன்னாலை குந்தினன். ஒரு சின்னப் பிள்ளையின்ரை குரல்தான் வெளியிலை வந்தது, நான் வரவழைக்கேல்லை.

"மம், நான் போறன். பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் வரமாட்டன்."

ஆயுளிலை முதல்தரம் "போறன்" எண்ட சொல்லைச் சொன்னனான். அவ என்ரை முகத்தைக் கனநேரம் பாத்தா. பிறகு குளிர்ந்த கையாலை என்ரை கன்னத்தைத் தடவி, "சரி லவ், போட்டு வா" எண்ட மாதிரி ஏதோ, அந்த வடக்குப் பக்கத்திலை பிள்ளையளைச் செல்லமாய்க் கூப்பிடுற மாதிரிச் சொல்லிப்போட்டுத் தானாய் எழும்பி உள்ளை நடந்தா. ரெண்டு முட்டை, நாலு துண்டு பாண், ஒரு கிண்ணம் சூப். பொறுப்பாளி என்னைக் கட்டிப்பிடிச்சா.

சாப்பிட்டு முடிய வாயைத் துடைச்சுக்கொண்டு அவ என்னைப் பாத்து ஜெர்மனிலை, சுத்தமான ஜெர்மனிலை, "நல்ல சாப்பாடு. நீங்கள் இஞ்சை புதுசோ?" எண்டு கேட்டா. நான் இங்கிலிஷிலை என்னென்னவோ கேட்டன். பால்போத்தல் எண்டன், குருவி எண்டன். மரியாதையாய்ச் சிரிச்சா. ஒரு சொல்லும் விளங்கேல்லை. அண்டையிலையிருந்து அவவுக்கு இங்கிலிஷ் இல்லை. டொக்டரும் விளக்கம் ஒண்டும் சொல்ல மாட்டன் எண்டிட்டார். அவ நல்லாய்ச் சாப்பிடுறா, நல்லாய் நித்திரை கொள்ளுறா, தோட்டத்துப் பக்கம் போறதே இல்லை.

அண்டைக்கு வீட்டை போய்ச் சோஃபாவிலை சாஞ்சு, மனம் ஆற அந்தச் சின்ன வயசு இங்கிலாந்து வீட்டுக்குள்ளை போவம் எண்டு கண்ணை மூடினன். எல்லாம் துலக்கமாய் இருந்தது, முந்தி ஒருநாளும் இல்லாத துலக்கம். படி கத்திச்சுது. அடுப்படிக் கதவு திறந்து கிடந்தது. அப்பாவின்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி தண்ணிக் குழாயடியிலை முதுகு காட்டி நிண்டா. திரும்பினா. முப்பது வயது இருக்கும், செம்பட்டைத் தலைமயிர், இளவயசிலை அந்த மனுசிதான்.

இப்ப மாசக்கணக்காய்ப் போச்சு. ஒவ்வொருநாளும் கண்ணை மூடிப் போய்ப் பாக்கிறன். ஒவ்வொருநாளும் அவதான் நிக்கிறா. "அம்மா எங்கை?" எண்டு கேக்கிறன். "இஞ்சைதானே பிள்ளை நிக்கிறன்" எண்டு தமிழிலை சொல்லுறா.