பூட்டும் சிவப்பு அறையும்

வக்கீல் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு அங்கே 'பூட்டு' என்று பெயர். ஊரெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தால் இவன் ஒன்றுக்குள் ஆறு வைத்திருந்தான். விண்டோஸுக்குப் பதில் போடும் லினக்ஸில் அப்படி ஒரு வகை உண்டு. வேலைக்கு ஓர் அறை, வங்கிக்கு ஓர் அறை. ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கரை. சிவப்புக் கரை ஊர் அழுக்குக்கு. நம்பாத ஃபைலை அதில் திறக்கலாம். மூடினால் அந்த அறையே இல்லாமல் போய்விடும். "மூடினா மூடினதுதான். நானே தலைகீழா நின்னாலும் திரும்ப வராது" என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

ஒருநாள் மத்தியானம் அவன் தங்கை ஒரு பென்டிரைவோடு வந்து நின்றாள். புருஷன் அவளை அடித்துக்கொண்டே பேசிய பேச்சு முழுக்க அதில் இருந்தது. பதிவு செய்த போனைப் புருஷன் பிறகு சுவரில் அடித்து நொறுக்கிவிட்டான். அதற்குள் அவள் எடுத்துவைத்த ஒரே காப்பி இது. மறுநாள் கோர்ட். நாலு வயது மகள் யாரிடம் வளர்வது என்று முடிவாகும் நாள்.

"அண்ணா, இதை உங்க வக்கீல்கிட்ட சேத்துடு. வேற காப்பி இல்ல."

"எங்கெங்க சொருகின இதை?"

"ஜெராக்ஸ் கடையில..."

"ஜெராக்ஸ் கடையா! அறிவிருக்கா உனக்கு?"

எச்சில் துணியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் வாங்கி, சிவப்பு அறையில் திறந்தான். வைரஸ் இருந்தது. ஐயாவுக்கு ஒரே கொண்டாட்டம்! பதிவை அந்த அறைக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, பென்டிரைவைத் துடைத்தான். சும்மா துடைக்கவில்லை, யாராலும் மீட்க முடியாதபடி மூன்று முறை. அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. பிறகு இருபது நிமிடம் அவளுக்குப் பாடம் எடுத்தான். அவள் கன்னத்து வீக்கத்தை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை, பாவி. பேச்சு முடிந்ததும், பழகிய கை, சிவப்பு விண்டோவை மூடிவிட்டது.

"அனுப்பிட்டியாண்ணா?"

அப்போதுதான் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு அறைகளையும் புரட்டினான். கடவுச்சொல்லைத் தப்பும் தவறுமாக அடித்தான். ஒன்றுமில்லை. அவன் சொன்னபடியே, ஒன்றுமேயில்லை.

"உன்னை யாரு கண்ட கடையில சொருகச் சொன்னது?" என்று அவள்மேலேயே பாய்ந்தான். அவள் அழக்கூட இல்லை. துடைத்த பென்டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள், அண்ணன் தவறுதலாக அழித்துவிட்டார் என்று வக்கீல் தலைகுனிந்து சொன்னார். ஆதாரமில்லாத பேச்சை கோர்ட் எடுத்துக்கொள்ளவில்லை; குழந்தை அப்பனிடம் என்று தீர்ப்பானது. வராந்தாவில் தாயின் முந்தானையைப் பிடித்திருந்த பிஞ்சு விரல்களை அவள் புருஷன் ஒவ்வொன்றாகப் பிரித்தான். கத்தும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தூணோரம் நின்ற பூட்டின் முன்னால் வந்து நின்றான்.

"ரொம்ப தேங்க்ஸ் மச்சான். நான் போனை மட்டும்தான் உடைச்சேன். மிச்சத்தை நீங்க பாத்துக்கிட்டீங்க."