தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது

மஹய்யாவயில் மரியகொறற்றி உபவாசத்துக்குப் பேர்போனவள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாலைச் சிலுவைப் பாதை முடியும்வரை ஒரு பருக்கை சோறு அவள் வாயில் படாது. அன்றைக்கும் இருட்டோடு எழுந்து, டவுன் கடைகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டுவாள். பருப்பு கொதிக்கும், கத்தரிக்காய் பொரியும், அப்பளம் சுடச்சுட இறங்கும். கை போகும், நாக்குப் போகாது. ருசி பார்க்கும் பொறுப்பு புருஷன் கிளறன்ஸுடையது. பேராதனை அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் அட்டெண்டன் வேலை பார்க்கும் கிளறன்ஸ், இந்த வேலையையும் கடமை தவறாமல் செய்வார்.

“உப்பு சரிதான். ஆனா உறுதியாச் சொல்றதுன்னா இன்னொரு கரண்டி வேணும்.”

கொறற்றி பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். அங்கே தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டில் சேர்த்ததில்லை. பசித்தால் தேத்தண்ணி, தலை வலித்தால் தேத்தண்ணி, சாவு வீட்டில் சோறு ஆக்காத நாளிலும் தேத்தண்ணி. ஆகவே உபவாச நாளில் ஒவ்வொரு சட்டி இறங்கும்போதும் ஒரு கப் குடிப்பாள். பால் மட்டும் ஊற்றமாட்டாள். பால் ஊற்றினால் அது சாப்பாடு. அந்த ஒழுங்கு அவளிடம் இருந்தது.

இல்லாதது வேறொன்று. வயிறு காய்ந்தால் ஆத்துமாவும் பசிக்கத் தொடங்கும் என்று ஃபாதர் வருஷா வருஷம் பிரசங்கம் வைப்பார். அவளும் வருஷா வருஷம் காத்திருந்தாள். செபக்குழுவில் மற்றவர்கள் கண்ணை மூடினால் கண்ணீர் வரும். இவள் கண்ணை மூடினால், நாளைக்குத் தேங்காய் போதுமா என்ற கேள்விதான் வரும். கஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. கடவுளோடு சண்டையும் இல்லை. சண்டையிருந்தால் பேச்சாவது இருந்திருக்கும். அவரைத் தேடுகிற ஆசையே தனக்குள் வற்றிப்போயிற்றோ என்று பயமாக இருந்தது. கொறற்றி மாதிரி உபவாசம் இருக்க யாரால் முடியும் என்று ஊர் மெச்சும்போது அந்தப் பயம் இன்னும் கூடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செபக்குழு அவள் வீட்டில் கூடியது. இடைவேளையில் வழக்கம்போல் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த அஷ்வினி டீச்சர் கையால் மறித்தாள்.

“எனக்கு வேண்டாம் அக்கா. நான் உபவாசம்.”

“நாங்களும் உபவாசந்தான் டீச்சர். இது தேத்தண்ணி.”

“உபவாசத்திலயும் தேத்தண்ணி குடிக்கிறனீங்களோ?”

கப்புகள் பாதி வழியில் நின்றன.

“பால் ஊத்தலியே,” என்றாள் கொறற்றி.

“சீனி?”

“சீனி இல்லாம எப்பிடிங்க குடிக்கிறது?”

பக்கத்து வீட்டுக் கலாராணிக்குப் பொறுக்கவில்லை. “உங்க ஊர்ல தேயில மொளைக்கல டீச்சர், அதான் லேசா விட்டுட்டீங்க. எங்க, பனங்கெழங்க விட்டுக் காட்டுங்க பாப்பம்.”

“ஐயோ, அதை விட்டா நான் செத்துப்போவன்,” என்று டீச்சர் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே குடித்து முடித்தார்கள். கொறற்றி மட்டும் தன் கப்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் கலாராணியே ஃபாதரிடம் வழக்கை வைத்தாள். “சபைச் சட்டத்துல தடையில்லம்மா,” என்றார் ஃபாதர். “நானும் குடிக்கிறேன்.” செபக்குழு நிம்மதியாக வீட்டுக்குப் போனது. கொறற்றிக்கு நிம்மதியில்லை. சட்டம் சரியா பிழையா என்பதல்ல அவள் கேள்வி. இத்தனை வருஷ உபவாசத்தில் ஒரு நாளாவது தனக்குப் பசித்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். பசித்ததாக ஞாபகமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் ஏற்றவேயில்லை. பருப்பு வெந்து முடிவதற்குள் நெற்றிப்பொட்டு வலியில் தெறித்தது.

“உப்பு எப்பிடி?”

“சரிதான்.”

“சரின்னா சரியா, இல்ல எனக்குப் பயந்து சரியா?”

கிளறன்ஸ் கரண்டியை மெதுவாக வைத்துவிட்டு, அன்று வழக்கத்துக்கு மாறாக நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மாலையில் கோயிலில் சிலுவைப் பாதையின் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழும்பினாள். மனதுக்குள் தேத்தண்ணி ஒன்றுதான் இருந்தது. அதன் நிறம், சூடு, முதல் வாயின் துவர்ப்பு. பாடுபடும் ஆண்டவரின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இதை நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாகச் சொல்லிவிட்டாள்.

“ஆண்டவரே, பொய் சொல்லல. எனக்கு இப்ப வேண்டியது தேத்தண்ணி, நீங்க இல்ல. ஆனா இப்பிடித் தேட எனக்கு இன்னும் முடியுதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு. இதுல பாதியாவது உங்க பக்கம் திருப்பி விடுங்க.”

அடுத்த நிலைக்குப் பாட்டுத் தொடங்கியது. அவள் பாடாமல் நின்றாள். சொன்னது சொன்னபடி நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கிளறன்ஸ் தேத்தண்ணி ஊற்றி மேசையில் தயாராக வைத்திருந்தார்.

“மொதல்ல இதக் குடி. பேச்செல்லாம் பொறகு.”

“கொஞ்சம் இருக்கட்டுங்க.”

“ஆறிப்போகும்.”

“ஆறட்டும்.” மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தாள். “குடிச்சா போயிருமோன்னு பயமா இருக்கு.”

“என்னா போயிரும்?”

“பசி.”

கிளறன்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மயங்கி விழுந்தா நாந்தான் தூக்கணும்.”

“தூக்குங்க. அதுக்குத்தானே கவுமெந்துல சம்பளம் தாறாங்க.”

கப்பைச் சோசரால் மூடிவிட்டு அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செபம் செய்யவில்லை. விழுந்தால் பிடிப்பதற்கு வாகாக இருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கொறற்றி எழுந்து குடித்தாள். ஆறிய தேத்தண்ணி நன்றாக இல்லை. தலைவலி கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது. மற்றதும் கூடவே இறங்குகிறதா என்று உள்ளே கவனித்தாள். இறங்கவில்லை.

“சோறு போடவா?” என்று கிளறன்ஸ் கேட்டார்.

போடச் சொன்னாள். பருப்பில் உப்பு அதிகம். அவள் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.