செய்தால்தான் ‘ஐ டிட் இட்’

ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தொண்டை கட்டுவது இலக்கணத்தால் அல்ல, உதாரணங்களால்தான் என்பது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் சனிக்கிழமைதோறும் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போய், பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் நடத்துகிறேன்.

முதுகு வலித்த வாக்கியம்

ஒரு செயலை ஒரு தடவை சொல்லிவிட்டால், மறுபடி முழுக்கச் சொல்ல வேண்டாம், ‘இட்’ போதும் என்பது பாடம். மிளகு பறிக்கப் போகும் ராசாத்திக்கு அது மட்டும் இறங்கவேயில்லை. மலையில் புதிதாக வந்த விடுதியில் வரவேற்பாளர் வேலைக்கு அவர் மனுப் போட்டிருந்தார். கிடைக்காவிட்டால் மகளை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். அதனால் அவரை நான் விடுவதாக இல்லை.

“மிளகு பறித்தேன். மிளகு பறித்தது முதுகை ஒடித்துவிட்டது” என்பதை அவர் ஆங்கிலத்தில் நீட்டி முழக்கினார். இரண்டாவது வாக்கியத்தை ‘இட்’டில் ஆரம்பியுங்கள் என்றேன். அவர் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“ஏனுங்க டீச்சர், முதுகொடியப் பாடுபட்டதை ரெண்டெழுத்துல முடிச்சா மனசு ஆறுமாங்க?”

பலாப்பழப் பயிற்சி

அடுத்த வாரம் ஒரு பயிற்சி. ‘பலாப்பழத்தை அறு’ என்று நான் ஆங்கிலத்தில் சொல்வேன். ‘ஐ டிட் இட்’ என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் அந்த வேலை பிறகு கைகூடாது என்றார் ராசாத்தி. வகுப்பே தலையாட்டியது.

வேன் ஓட்டும் முருகேசன் எழுந்து போய் ஒரு பழத்தைத் தோளில் சுமந்து வந்தார். ராசாத்தி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தார். அதன் பிறகுதான் எல்லோரும் வாய் நிறைய ‘ஐ டிட் இட்’ சொன்னார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் நானும் ஒரு பிடி பிடித்தேன். முருகேசன் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அடுத்த வாரம் சோறாக்கச் சொல்லுங்க டீச்சர், அரிசி நாங் கொண்டாரேன்.”

வராத விருந்தாளி

நேர்காணல் அன்று துணைக்குப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். விருந்தாளி வெந்நீர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று மேலாளர் கேட்டது என் காதில் விழுந்தது. ராசாத்தி எழுந்து, என்னைக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். போச்சு, திருப்பூர்தான் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டுப் பக்கமிருந்து ஆவி பறக்கும் வாளியோடு வந்து, அறைக்குள் வைத்துவிட்டு, “சார், ஐ டிட் இட்” என்றார். அப்புறம் நடந்ததை மேலாளரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“தண்ணி ஆறிடும், குளிச்சிட்டு வாங்கன்னு நின்னுட்டாங்க டீச்சர்; குளிச்சிட்டு வந்துதான் வேலை உத்தரவுல கையெழுத்துப் போட்டேன்.”

செயலைச் சுருக்கிச் சொல்லக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. அதைச் செய்து முடிக்காமல் வாயே திறக்காதவர்களிடம் போய்ச் சேர்ந்தது என் யோகம்.