இருக்கையை விட்டு எழாதவர்

எங்கள் குடும்பத்தில் பேரவை உறுப்பினர் ஆனவர் ஒருவர்தான். அவர் என் பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா. ஊர் அவரை உறுப்பினர் என்று அழைக்கிறது. பேருந்துப் பணிமனை இன்றுவரை ‘டபுள் கிளட்ச்’ என்றுதான் அழைக்கிறது. குடும்பப் பதிவில் அவருக்கென ஒதுக்கிய பக்கங்களில், பதவியேற்ற நாளையும் பெற்ற வாக்குகளையும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம் என்பது உறவினர் சிலரின் கருத்து. அவர் எதற்காக அந்த அவைக்குப் போனார், அங்கே ஒரு பிற்பகல் முழுவதும் ஏன் எழாமல் உட்கார்ந்திருந்தார் என்பவற்றை எழுதாவிட்டால், மற்றவை கல்வெட்டு மாதிரி உயிரற்று நிற்கும் என்பது என் கருத்து. ஆகவே அவற்றை எழுதுகிறேன்.

பெரியப்பா பணிமனையில் மெக்கானிக். பழுது பார்த்த வண்டியைக் கழுவுமிடத்துக்கு நகர்த்த ஆள் கிடைக்காத நாட்களில் மகளை ஸ்டியரிங்கில் உட்கார வைப்பார். கியர் மாற்றக் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டிய பழைய வண்டிகள் அவை. அவற்றில் பழகிய கால் புதிய வண்டியிலும் இரண்டு முறையே மிதித்தது; பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. பெண்களையும் ஓட்டுநராக எடுப்பதென்று போக்குவரத்துக் கழகம் முடிவு செய்த ஆண்டிலேயே அக்கா வேலையில் சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த தடம் ஊரைத் தாண்டி, கல்குவாரியையும் தாண்டி, ஒரு பொட்டல்வெளியில் முடியும். கடைசி நிறுத்தம் என்பது ஒரு தகரப் பலகையும் ஒரு விளக்குக் கம்பமும்தான். ஆண்கள் பலகைக்குப் பின்னால் போய்விட்டு வந்துவிடுவார்கள். நகர நிலையத்தில் கழிப்பறை இருந்தது. ஆனால் வண்டி தாமதமாக வந்தால் அங்கே இறங்க நேரமிருக்காது. பயணிகள் ஏறிவிட்டால், மாற்று ஓட்டுநர் வராமல் இருக்கையை விட்டு எழக் கூடாது என்பது பணிமனை விதி. எனவே அக்கா வேலை நாட்களில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி.

அந்த வண்டியின் நடத்துநரையே பின்னர் மணந்தார். “வண்டியில இவர் விசிலுக்கு நான் அடங்கினேன். வீட்டுல என் ஹாரனுக்கு இவர் அடங்கறார். கணக்கு சரியாப் போச்சு” என்று அக்கா சொல்வதுண்டு. அத்தான் மறுத்ததில்லை.

சிறுநீரகக் கல் முதலில் ஒரு முறை வந்தது, எடுத்தார்கள். மறுபடியும் வந்தது. இரண்டாம் முறை மருத்துவர் கேட்டதை அத்தான் அப்படியே நினைவு வைத்திருக்கிறார்.

“தண்ணியே குடிக்கறதில்லையா நீங்க?”

“குடிச்சா போகணும்ல டாக்டர்.”

“போறதுக்கு இடம் இல்லையா?”

“இடம் நெறைய இருக்கு. மறைவுதான் இல்லை.”

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை கேட்டுத் தொழிற்சங்கத்தின் வழியாக மனுக் கொடுத்தார். நிலம் எங்களுடையதல்ல, நெடுஞ்சாலைத் துறையுடையது என்றது கழகம். கட்டடம் கட்டுவது உள்ளாட்சியின் வேலை என்றது நெடுஞ்சாலைத் துறை. வண்டி விடுகிறவர்கள்தான் கட்ட வேண்டும் என்றது உள்ளாட்சி. மூன்று அலுவலகங்களும் மரியாதையாகவே பதில் சொல்லின. எவரும் பொய் சொல்லவில்லை. பொறுப்பு இன்னாருடையது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் சட்டம் செய்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று அக்கா அன்றே முடிவு செய்தார். அடுத்த தேர்தலில் ஒரு கட்சி அவருக்கு இடம் கொடுத்தது, தோற்பார் என்ற நம்பிக்கையில். தடம் முழுவதும் அவரை அறிந்த பயணிகள் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கினார்கள்.

அவைக்குள் நுழைந்த பிறகுதான், உறுப்பினர் ஒருவர் தனியாக மசோதா கொண்டுவருவது எவ்வளவு அரிது என்பது தெரிந்தது. குலுக்கலில் பெயர் வர வேண்டும்; வந்தால் ஒரே ஒரு நாள். பெயரை அழைக்கும்போது உறுப்பினர் தம் இடத்தில் இல்லையென்றால் மசோதா அத்துடன் முடிந்தது. மூன்றாம் ஆண்டில் அக்காவின் பெயர் வந்தது. சட்ட வரைவு அலுவலர் ஒருவர் எழுதித் தந்தார். வண்டி விடுகிற நிறுவனமே கடைசி நிறுத்தத்திலும், வழியில் வண்டி காத்து நிற்கும் இடங்களிலும், பூட்டக்கூடிய கழிப்பறை அமைக்க வேண்டும் என்பதே மசோதாவின் சாரம். ‘கூடிய விரைவில்’ என்ற சொற்களை மட்டும் அக்கா அடிக்கச் சொன்னார்.

“இது வழக்கமான வாசகம்தாங்க,” என்றார் அலுவலர்.

“கூடிய விரைவில் வரும்னு நாங்க பயணிகள்கிட்ட எப்பச் சொல்வோம் தெரியுமா சார்? வண்டி பிரேக்டவுன் ஆனப்ப.”

அலுவலர் சிரித்துக்கொண்டே ‘இரண்டு ஆண்டுக்குள்’ என்று மாற்றினார்.

அந்த நாள் வந்தது. நடைக்கூடத்தில், ஆட்சியிலிருந்த அவருடைய கட்சியின் கொறடா அக்காவைப் பிடித்துக்கொண்டார். வயதில் இளையவர், இனிக்கப் பேசுகிறவர்.

“அக்கா, நல்லாப் பேசுங்க. அமைச்சர் எழுந்து, பரிசீலிக்கறோம்னு சொல்வார். நீங்க நன்றி சொல்லி வாபஸ் வாங்கிடுங்க. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க.”

“இதுவரைக்கும் பரிசீலிச்சதுல எது கட்டடமா நிக்குது தம்பி?”

“அதெல்லாம் கேக்கக் கூடாதுக்கா.”

“அப்ப வாபஸையும் நீங்க கேக்காதீங்க.”

கொறடா முகம் மாறாமல் போய்விட்டார். மதிய இடைவேளைக்குப் பின் அவை கூடியபோது, அக்காவின் மசோதாவுக்கு முன்னால் இருந்தது சாலையோர மரங்கள் பற்றிய ஒரு சிறிய தீர்மானம். யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பேச விரும்பியவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். ஒருவர் நிழலைப் பற்றிப் பேசினார், அடுத்தவர் அதே நிழலின் குளிர்ச்சியைப் பற்றிப் பேசினார். அக்காவுக்கு அடுத்த இருக்கையில் கால்நடை மருத்துவராக இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் உண்டு. அவர் சாய்ந்து, “என்ன நடக்குதுன்னு புரியுதாம்மா? நீங்க எழுந்து வெளிய போற வரைக்கும் மரம் வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும்” என்றார்.

“வளரட்டும் சார். காடாவே ஆகட்டும்.”

அன்று காலையிலிருந்து அக்கா மருத்துவர் சொன்னபடி தண்ணீர் குடித்திருந்தார். அதுதான் சங்கடம். பழைய நாட்களின் வறட்சி உடம்பில் இல்லை. விலாவுக்குக் கீழே அந்தப் பழக்கமான வலியும் மெல்ல எட்டிப் பார்த்தது. பார்வையாளர் மாடத்திலிருந்து அத்தான் வாசலைக் காட்டிச் சைகை செய்தார். அக்கா தலையை அசைத்து மறுத்தார். சைகை செய்யக் கூடாது என்று காவலர் அத்தானைக் கண்டித்தார். “என் பெண்டாட்டிங்க” என்றார் அத்தான். “யாராயிருந்தாலும் இங்க உறுப்பினர்” என்றார் காவலர்.

கால்களைச் சேர்த்து, முதுகை நேராக வைத்து, எதிர்ச் சுவரில் ஒரே புள்ளியைப் பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கில் அவர் உட்காரும் விதம் அது. அப்போதுதான் வேறொன்றையும் கவனித்தார். துணைத்தலைவர் பல்வலி என்று வரவில்லை. மாற்றிவிட ஆள் இல்லாததால் அவைத்தலைவரும் எழவே இல்லை. முதலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், பின்னர் ஒரு பக்கம் சாய்ந்தார், பிறகு மறுபக்கம். மரங்களைப் பற்றிப் பேசியவர்களைச் சுருக்கச் சொல்லும் குரலில் மெல்ல ஒரு கெஞ்சல் ஏறியது.

சன்னல் வெளிச்சம் மங்கியபோது கொறடாவிடம் பேச்சாளர்கள் தீர்ந்துவிட்டார்கள். அவைத்தலைவர் அக்காவின் பெயரை அழைத்தார். அக்கா எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்ததாக அவர் சொல்கிறார். எதையும் பிடிக்காமல் நிமிர்ந்தே எழுந்ததாக அத்தான் சொல்கிறார். இரண்டையும் பதிவு செய்கிறேன்.

மசோதாவைச் சுருக்கமாக விளக்கினார். போக்குவரத்து அமைச்சர் எழுந்து, அரசு பரிசீலிக்கும் என்றார். உறுப்பினர் திரும்பப் பெறுகிறாரா என்று அவைத்தலைவர் வழக்கப்படி கேட்டார்.

“இல்லைங்க தலைவரே. மத்தியானத்துலேர்ந்து நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கலை. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் கழிப்பறை இருக்கு, சுத்தமாவும் இருக்கு. போனா என் பேரைக் கூப்பிட்டு முடிச்சிடுவாங்கன்னு போகலை. எனக்கு இது பழக்கம். எங்க வண்டியில வர்ற பொண்ணுங்களுக்கு இந்தப் பழக்கம் வர வேண்டாம்னுதான் மசோதா. அவங்களுக்கு அந்தப் பக்கம் கதவே இல்லை.” சற்று நிறுத்தி, “தலைவரும் எழுந்திருக்கலைங்கறதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்” என்றார்.

அவை முழுவதும் அவைத்தலைவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “உறுப்பினர் கூறுவதன் நியாயம் தலைமைக்கு இப்போது மிக நன்றாகவே புரிகிறது” என்றார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்றில்லாமல் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வாபஸைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. அமைச்சர் அதிகாரிகளுடன் கிசுகிசுத்துவிட்டு, கடைசி நிறுத்தங்களுக்கு மட்டும் என்றால் ஏற்கிறோம், வழியில் காத்து நிற்கும் இடங்களை நீக்கிவிட வேண்டும் என்றார்.

“இரண்டு ஆண்டுங்கறது இருக்குமா?” என்று அக்கா கேட்டார்.

“இருக்கும்.”

“சரி.”

குரல் வாக்கெடுப்பில் கால்நடை மருத்துவரின் குரல்தான் முதலில் எழுந்தது. மறுப்பவர்கள் உண்டா என்று கேட்டபோது கொறடா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மசோதா நிறைவேறியது. அவை ஒத்திவைக்கப்பட்டதும், வழக்கமாக இருபுறமும் வணங்கிக்கொண்டே மெதுவாகச் செல்லும் அவைத்தலைவர் அன்று ஒரே வணக்கத்தில் மறைந்தார்.

எல்லோரும் கலைந்த பின்னும் அக்கா உட்கார்ந்தே இருந்தார். வலியில் எழ முடியவில்லை. மாடத்திலிருந்து இறங்கி வந்த அத்தான், உள்ளே நுழைய அனுமதி இல்லாததால், வாசலில் நின்றபடியே சொன்னார்: “இறங்கு. மாத்து டிரைவர் வந்தாச்சு.”

மூன்றாம் அறுவைச் சிகிச்சை அடுத்த மாதம் நடந்தது. குவாரிக்கு அப்பால் உள்ள கடைசி நிறுத்தத்தில் சட்டம் சொன்ன காலத்துக்குள்ளேயே கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவில் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. வெளியே வந்து ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, அதைச் சரி செய்த பிறகே நாடாவை வெட்டவிட்டார். நீக்கப்பட்ட பிரிவை, வழியில் வண்டி காத்து நிற்கும் இடங்களுக்காக, தனி மசோதாவாக மறுபடி கொடுத்திருக்கிறார். குலுக்கலில் இன்னும் பெயர் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.