அலமாரிக் கதவின் உட்புறம்

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில், குவைத்தின் அப்பாசியாவில் நாங்கள் ஏழு பேர் ஓர் அறையில் குடியிருந்தோம். ஆளுக்கு ஒரு நாள் சமையல் முறை, வெள்ளிக்கிழமை என்னுடையது. விடுமுறை நாளாதலால் அன்று மட்டுமே எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்போம்.

சுவரில் பிள்ளையாரும் முருகனும் காலண்டர்களாகத் தொங்கினர். என் தலைவரின் படமோ என் இரும்பு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட எங்களுக்கு உரிமை பெற்றுத் தந்த அவரை, சட்டை எடுக்கும்போது மட்டும் பார்த்துக்கொள்வேன். படத்தைக் கண்டால் என் சாதி தெரிந்துவிடும். தெரிந்தால் என் கைச்சோறு சிலருக்குத் தொண்டையில் இறங்காது. இப்படியே ஆறு ஆண்டுகள் கழிந்தன.

அவருடைய பிறந்த நாளை, அதையடுத்த வெள்ளியன்று மாலையில் ஃபர்வானியாவில் ஒரு நண்பர் வீட்டில் கொண்டாடுவது எங்கள் வழக்கம். அவ்வாண்டு என்னைப் பேசச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புடன் படிப்பு நின்றவன் நான். ஆயினும் இரு வாரம் முயன்று நான்கு பக்கங்கள் எழுதிச் சென்று வாசித்தேன். தலை நிமிர்ந்து நில்லுங்கள் என்று முடித்தபோது நெடுநேரம் கை தட்டினார்கள்.

அறைக்குத் திரும்பி, அந்தத் தாள்களை வைப்பதற்காக அலமாரியைத் திறந்தேன். அவர் அங்கே, என் அழுக்குச் சட்டைகளுக்கு எதிரே இருந்தார். கேட்ட கைதட்டல் அத்தனையும் கசந்தது. பிளேடால் படத்தைப் பெயர்த்தெடுத்துக் காலண்டர்களின் அருகில் ஒட்டினேன். ஒரு மூலை கிழிந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில்காரர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். என் மீன் குழம்புக்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்ப்பவர். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க அந்த ஆளுங்களா?"

"ஆமாப்பா."

"ஆறு வருசமா ஒரே சட்டியில திங்கிறோம். ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா?"

"கொழம்பு இன்னும் இருக்கான்னுதான நீ கேப்ப? அதுக்குத்தான் வாராவாரம் பதில் சொல்லிட்டிருந்தேனே."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறு வெள்ளியன்று, வயிறு சரியில்லை என்று குப்பூஸ் ரொட்டியும் தயிரும் வாங்கி வந்து கட்டிலிலேயே அமர்ந்து உண்டார். அதற்கடுத்த வெள்ளியும் அவ்வாறே. எங்கள் அறைக்குப் பொறுப்பான ஃபோர்மேன் என்னைத் தனியே அழைத்தார்.

"படத்தப் பழையபடி உள்ள ஒட்டிருங்கண்ணே. கலாஸ், விசயம் முடிஞ்சிரும். நாலு பேரு ஒண்ணா சாப்புடுற எடம்."

"முடியாதுப்பா. இன்னொருவாட்டி பிச்சா முழுசும் கிழிஞ்சு போயிரும்."

வீரமாக ஏதேனும் சொல்லியிருக்கலாம். அதற்குரிய வாக்கியங்கள் அந்த நான்கு பக்கங்களில் இருந்தன. ஆனால் அன்று எனக்கு இடுப்பு வலி. எவருக்கும் எதையும் விளக்கத் தெம்பில்லை.

அதற்குப் பின் வந்த வெள்ளியிலும் ஏழு பேருக்கே அரிசி களைந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் வரவில்லை. மீந்த சோற்றில் நீரூற்றி வைத்து, சனிக்கிழமை காலை டூட்டிக்குக் கிளம்புமுன், அந்தப் படத்தின் கீழே நின்றபடி நானே உண்டேன்.