கடைசிப் பெட்டியில் அண்ணன் செய்த மாற்றங்கள்

எங்கள் அண்ணன் இல்லாத முதல் ஆண்டை ஒருவாறு கடந்து, இன்று அவர் பெயரால் கூடியிருக்கிறோம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்காகவே எழுத ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் அரக்கோணத்தில் பிறந்தார். அவருக்குப் பதினேழு வயதானபோது அப்பா காலமானார். படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். நான் கல்லூரி முடித்தது அந்தச் சம்பளத்தில். பிறகு அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டராகி, அருகிலேயே வீடு கட்டிக்கொண்டார். அதிர்ந்து பேசியதில்லை. அளவு தவறினால் மட்டும் முகம் மாறும்.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, தகட்டில் அவரே வெட்டி ஒட்டிய புறநகர் மின்ரயில் மாதிரி. ஒவ்வொன்றும் சாண் நீளத்தில் ஆறு பெட்டிகள். ஜன்னல் கம்பிகளின் எண்ணிக்கைகூட அசலைப் போலவே இருக்கும். சாப்பாடு ஆறும்போது அண்ணி கேட்பார்: “இன்னும் சிக்னல் விழலையா உங்க அண்ணனுக்கு?”

என் மகளின் திருமணம் பூந்தமல்லியில் நடந்தது. எங்கள் வழக்கப்படி, மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிய பொன் தகட்டின் இரு நூல்களையும் பின்னந்தலையில் முடிச்சிட வேண்டும். அண்ணனை அழைத்தபோது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“சித்தப்பா பையனைக் கட்டச் சொல்லும்மா. அவனும் மாமன்தானே.”

“நீங்க இருக்கும்போது அவன் எதுக்குண்ணா?”

“சொன்னா கேளு. நேரமாகுது பாரு.”

“பொம்மை ரயிலுக்கு ஸ்க்ரூ போடத் தெரியுது. என் பொண்ணுக்கு ஒரு முடிச்சுப் போட மனசு வரலையா?”

முன்வரிசை முழுவதற்கும் கேட்கும்படிதான் சொன்னேன். சித்தப்பா மகன் பட்டம் கட்டினான். அண்ணன் பந்திக்கு நிற்காமல் போய்விட்டார். அதன்பின் நான் போன வீடுகளிலெல்லாம் இதைச் சொன்னேன். பெற்ற பெண்ணைப் போல வளர்த்த தங்கையின் மகளை அவர் சபையில் புறக்கணித்தார் என்றே சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து அவருடைய நோயைக் குடும்பத்தார் அறிந்தோம். கைத் தசைகளில் தொடங்கி, கால்களுக்கும் தொண்டைக்கும் பரவிய நரம்பு நோய். குணப்படுத்தும் மருந்து இல்லை என்று மருத்துவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். வாரந்தோறும் போய்க் கஞ்சி ஊட்டினேன். ஆனால் நோய் பின்னால் வந்தது, அவமதிப்பு முன்னால் நடந்தது என்று இரண்டையும் மனத்தில் தனித்தனியே வைத்திருந்தேன். ஊட்டிய கையோடு வருத்தமும் இருந்தது. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு அவரால் பேசவே முடியாமல் போயிற்று.

அவர் மறைந்து மூன்று மாதம் ஆனபின், அண்ணியும் நானும் அலமாரியை ஒழித்தோம். ரயிலின் ஐந்து பெட்டிகள் குறையின்றி இருந்தன. ஆறாவது பெட்டி விகாரமாக இருந்தது. அடுத்த பெட்டியோடு இணைக்கும் கொக்கியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு காந்தத்தை ஒட்டியிருந்தார். கூரையில் எந்த ரயிலிலும் இல்லாத ஒரு கம்பி வளையம். அடியில் ஈயக் கட்டிகள். காந்தம் கோணலாக இருந்தது. பசை வழிந்து உறைந்திருந்தது.

“கடைசியில புத்தியும் கலங்கிடுச்சா இவருக்கு?” என்று அண்ணி கேட்டார். அந்த அச்சம் அவரைப் பல வாரம் தின்றது.

“கிரேன்ல மாட்டித் தூக்கற மாதிரி ஏதோ செஞ்சு பார்த்திருக்கார் அத்தை,” என்றான் அண்ணன் மகன்.

பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பார்த்தபடி இருந்தேன். தடம் புரளாமலிருக்க எடை சேர்த்தாரென்றால், மற்ற ஐந்தில் ஏன் இல்லை? காந்தம் வசதியென்றால், ஏன் ஒன்றில் மட்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கோணல் அவர் கையுடையதாக எனக்குப் படவில்லை.

முடிவில் அதை அவருடன் வேலை பார்த்த நண்பர் சவரிமுத்துவிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூரை வளையத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

“இத வச்சுதான் தங்கச்சி உங்கண்ணன் தன் கைய சோதிச்சுகினாரு. டெய்லி காலைல பணிமனைக்கு எடுத்தாந்து கொக்கிய மாட்டிக் கழட்டிப் பாப்பாரு. மாட்ட வரல, காந்தம் வச்சாரு. பெட்டி நழுவிச்சு, ஒத்த விரல உட்டுத் தூக்க வளையம் போட்டாரு. அப்பால அதுவும் முடில, முழங்கையால தள்ளுவாரு. தள்ளினா கவுந்துச்சு. ஈயம் ஒட்டினது நான்தான்.”

“காந்தம் எப்போண்ணே வச்சார்?”

“நீ பத்திரிக வைக்க வந்தியே, அதுக்கு முன்னாலயே. வளையம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்ன. அப்பவே பணிமனைல சட்டைக்குப் பட்டன் நான்தான் போட்டு உட்டுகினு இருந்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நான் சண்டையே போட்டேன். ‘தாய்மாமனுக்கு நரம்பு வியாதின்னா பொண்ணுக்கும் வருமான்னு மாப்ள வூட்ல கேப்பாங்கடா. கல்யாணம் முடியட்டும், நீ வாயத் தொறக்காத’ன்னு சத்தியம் வாங்கிகினாரு. நீ அன்னிக்கு மண்டபத்துல பேசினப்ப நானும் அங்கதான் இருந்தேன். அவரப் பாத்தேன். வேணாம்னு தலைய ஆட்டினாரு. அப்பாலயும் ‘இப்ப சொன்னா அவ ஒடஞ்சி பூடுவாடா’ன்னு சொல்ல உடல.”

அண்ணியிடம் சொன்னேன். “அப்போ கடைசிவரைக்கும் தெளிவாத்தான் இருந்திருக்கார்,” என்றார். அவருக்கு அது ஓரளவு ஆறுதல். என் மகள் வெகுநேரம் அழுதுவிட்டு, “எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதும்மா,” என்றாள்.

அண்ணனைச் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்கிய அண்டை வீட்டாருக்கும், இறுதி நாட்களில் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியருக்கும், கேட்காமலே உதவிய பணிமனைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சவரிமுத்து அண்ணனுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி போதாது. நான் கூடப் பிறந்தும் பார்க்காத கைகளை அவர் பார்த்திருந்தார்.

மன்னிக்க வேண்டியவர் இன்று இல்லை. நான் சொன்னதைக் கேட்டவர்கள் இருக்கிறீர்கள். அண்ணன் என் மகளைப் புறக்கணித்தார் என்று நான் சொன்னது பொய். எந்த வீட்டிலாவது அந்தப் பேச்சு மீண்டும் எழுந்தால், சொன்னவளே மறுத்துவிட்டாள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

— தங்கை