பண்ருட்டிக்குப் போன கடைசிப் பக்கங்கள்

சிங்கத்துக்கு இறக்கை முளைத்த படம் போட்ட புத்தகத்தை நேற்று மத்தியானம் படித்து முடித்தேன். முடித்தேன் என்று சொல்வதும் பொய்தான். மூன்று மாதமாக எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தால், இளவரசி மலை உச்சியில் நிற்கிறாள், கீழே ஏழு நாட்டுப் படை நிற்கிறது, அதோடு ‘இரண்டாம் பாகத்தில் தொடரும்’ என்று போட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் தாள் ஏதும் கிழிந்திருக்கிறதோ என்று விரல் தானாகத் தையல் ஓரத்தைத் தடவியது. அந்த விரலுக்கு அது பழைய பழக்கம்.

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க அத்த, முடிச்சிட்டீங்களா?”

“நான் முடிச்சிட்டேன். எழுதுனவருதான் முடிக்கல.”

“ரெண்டாம் பாகம் அடுத்த வருஷம் வருமாம்.”

“அடுத்த வருஷம் அவரு இருப்பாரு. நான் இருக்கணுமே!”

பெரம்பலூரில் மகன் வீட்டுக்கு வந்து இருந்துகொண்ட பிறகு எனக்குப் பகல் பொழுது நீளமாகிவிட்டது. டவுனில் புத்தகக் கடை போட்டிருந்தார்கள் என்று மருமகள் எனக்காக மூன்று புத்தகம் வாங்கி வந்தாள். நான் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். படிக்கத் தெரியாதவள் என்று இன்னொருத்தர் சொல்லவும் விடமாட்டேன். நாற்பது வயதை நெருங்கும்போது எழுத்துக் கற்றுக்கொண்டவள். எனக்கு ஒரு புத்தகம் ஒரு போகம் விளைச்சல் மாதிரி. விதைத்து, களையெடுத்து, அறுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடியும். அதனால் புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. நான் உழைத்துப் படித்தவள்.

முதல் புத்தகத்தில் கத்தி படம். கொலைக் கதை. கொன்றவர் யார் என்று இருபதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு டாக்டர் வந்தார். எல்லாருக்கும் ஓடி ஓடி உதவி செய்தார். மனிதர் என்றால் ஒரு நாளாவது சலித்துக்கொள்ள மாட்டாரா? அவரேதான். அது போகட்டும். என் குறை வேறு. செத்துப்போன அந்தப் பெண்ணுக்காகப் புத்தகம் முழுவதும் ஒருத்தரும் அழவில்லை. கம்ப்யூட்டரைத் தட்டுகிறார்கள், ரத்தத்தைச் சோதிக்கிறார்கள், போனை ஒட்டுக் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் சாவு விழுந்தால் முதலில் அழுகைச் சத்தம்தான் கேட்கும், விசாரணையெல்லாம் பிறகுதான். இந்தக் காலத்துக் கொலைக் கதையில் பிணத்துக்குச் சொந்தக்காரர்களே இல்லை.

இரண்டாவதில் குடை படம். காதல் கதை. பையனும் பெண்ணும் ஒரே ஆபீஸ். அவள் போனில் ஏதோ எழுதி அனுப்புகிறாள். அவன் படித்துவிட்டான் என்று நீலக் கோடு இரண்டு விழுகிறது. பதில் வரவில்லை. அதற்கு நூற்றைம்பது பக்கம் அழுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நாலு மேசை தள்ளிப் போய் ‘ஏய்யா பதில் சொல்லல?’ என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன், அப்போது முன்பு என்னோடு வேலை பார்த்த சபுரா ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. சபுரா புருஷனுக்குப் போட்ட கடிதத்துக்கும் பதில் வரவில்லை. அவளுக்குப் படித்தானா படிக்கவில்லையா என்று காட்ட நீலக் கோடுகூட இல்லை.

இந்தப் புதுப் புத்தகங்களை முகர்ந்தால் பசை வாசனை வருகிறது. நான் கதை கேட்ட புத்தகங்களில் வறுத்த முந்திரி ஓட்டின் காரமான புகை வாசனை வரும். வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் அப்போது நாங்கள் பன்னிரண்டு பேர் கொட்டை உடைத்தோம். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் பருப்பு நொறுங்கும், மெதுவாகத் தட்டினால் ஓடு உடையாமல் சிரிக்கும். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும் என்று சாம்பலைப் பூசிக்கொள்வோம். ஆனாலும் பத்து விரலும் கறுத்துத்தான் கிடக்கும். என் மகள் கல்யாணத்தில் என் கையைப் பார்த்துவிட்டு, சம்பந்தி அம்மாள் மருதாணி அதிகமாகச் சிவந்துவிட்டது என்று நினைத்தார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கொட்டகையில் பழைய மாத நாவல்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். படிக்க இல்லை, பொட்டலம் மடிக்க. பருப்பு எப்படி இருக்கிறது என்று வியாபாரிகளுக்குக் காட்டக் கைப்பிடி கைப்பிடியாக மாதிரி மடித்துப் பண்ருட்டிக்கு அனுப்புவார்கள். மேஸ்திரி பொட்டலத்துக்குத் தாளைப் பின்னாலிருந்துதான் கிழிப்பார். அட்டை, அதற்கு முன்னால் கடைசிப் பக்கம், அதற்கும் முன் பக்கம். இப்படிக் கொலைகாரன் யார், கல்யாணம் நடந்ததா என்பதெல்லாம் முந்திரியைச் சுற்றிக்கொண்டு பண்ருட்டிக்குப் போய்விடும். எங்களுக்கு இது தெரியாது. படிக்கத் தெரிந்தால்தானே எது குறைகிறது என்று தெரியும்.

சபுராவுக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். லப்பைக்குடிகாட்டுப் பெண். புருஷன் வளைகுடாவுக்குப் போய் இரண்டு வருஷம் கடிதம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டான். தாயோடு எங்கள் ஊரில் உறவுக்காரர் வீட்டில் வந்து இருந்தாள். எங்களோடு உடைக்க வந்த இரண்டாம் நாளே செல்லம்மா அக்கா அவளைக் கண்டுபிடித்துவிட்டாள். செல்லம்மா அக்காதான் எங்களுக்கெல்லாம் மூத்தவள், வாய்க்காரி.

“ஏ சபுரா, கொட்டய நாங்க ஒடைக்கிறம். நீ அந்த பொஸ்தகத்த ஒட.”

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. படிக்கிறவள் கையில் கறுப்பு படக்கூடாது, பட்டால் எழுத்து மறைந்துவிடும். அதனால் சபுரா கொட்டையைத் தொட மாட்டாள். சாயங்காலம் கூலிக்காக நிறுவைக்குப் போகுமுன் நாங்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடிப் பருப்பை அவள் முறத்தில் போடுவோம். பதினோரு கைப்பிடி. மேஸ்திரிக்குத் தெரியும், பேசமாட்டார். கதை நடக்கிற நாளில் பருப்பு நொறுங்குவது குறைவு என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

அவள் படிப்பதைக் கேட்க வேண்டுமே! போலீஸ்காரருக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல். கொலை நடந்தால் முதலில் செத்தவளின் தாய் வருவாள். மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். நாங்களும் அழுவோம். பேய்க் கதை, மந்திரக் கதை என்றால் கட்டைச் சத்தமே நின்றுவிடும். எல்லாக் கதையும் மெட்ராஸில்தான் ஆரம்பிக்கும். ஆனால் முடியும்போது ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டிலோ, உடையார்பாளையம் கடைத்தெருவிலோ வந்து முடியும். காணாமல் போனவர் யாராக இருந்தாலும் கடைசியில் அங்கே பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்களுக்கு இது ஏன் சந்தேகமாகத் தோன்றவில்லை என்று இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எல்லாக் கதையும் ஏன் நம் பக்கமே வந்து முடிகிறது என்று நான் ஒரு தடவை கேட்கவும் செய்தேன். செல்லம்மா அக்கா பட்டென்று சொன்னாள்:

“எழுதுறவருக்கு நம்ம பக்கம் பொண்ணு குடுத்திருப்பாங்கடி.”

எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

அந்த வருஷம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் போனேன். மற்றவர்கள் ‘அ’ எழுதிக்கொண்டிருக்கும்போது நான் பஸ் பலகை படித்தேன். வாத்தியாரம்மா எல்லார் முன்னாலும் கை தட்டச் சொன்னார்கள். அந்தக் கைதட்டல் என் தலையில் ஏறிக்கொண்டது. மறுநாள் சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு நடக்கும்போது உலகத்தில் எழுதியிருக்கிற எல்லாமே என்னைக் கேட்டுத்தான் எழுதியது போல நடந்தேன்.

அன்றைக்கு நடந்தது காதல் கதை. சண்டை போட்டுக்கொண்டு போனவனுக்காகப் பெண் காத்திருக்கிறாள். வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்து, அன்றைக்குச் சாயங்காலம் நிச்சயம். அவள் கடைத்தெருவுக்கு வந்து நிற்கிறாள். சபுரா படித்துக்கொண்டிருந்தாள்:

“நாலு மணி பஸ் வந்து நின்னுச்சு. புழுதி அடங்கல. கதவு தெறந்துச்சு. ஒரு காலு படியில வந்துச்சு. செருப்பு புதுசு…”

நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் வெகு நேரமாகப் பக்கத்தைத் திருப்பவில்லை. எட்டிப் பார்த்தேன். கூட்டிப் படித்தேன். கா, வ, ல், நி, லை, ய, ம். அந்தப் பக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தாளே இல்லை. தையல் நூல்தான் தொங்கியது.

“அதுல அது இல்லடி!” என்று கத்திவிட்டேன்.

கட்டைகள் நின்றன. செல்லம்மா அக்கா, “என்னாடி இல்ல?” என்றாள்.

“பஸ்ஸே இல்லக்கா. பொஸ்தகம் கிழிஞ்சு கெடக்கு. இவளா சொல்றா. இத்தன நாளும் இவளாத்தான் சொல்லியிருக்கா!”

சபுரா மறுக்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஆமாக்கா. முடிவு ஒண்ணுலயும் இருக்காது. பாதியில விட்டா நீங்கள்லாம் மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு வூட்டுக்குப் போவீங்களேன்னுதான்…”

அதோடு நான் விட்டிருக்கலாம். வாத்தியாரம்மா தட்டச் சொன்ன கை இன்னும் தட்டிக்கொண்டே இருந்தது.

“ஏமாத்தித்தான் எங்க பருப்ப வாங்கிக்கிட்டியா? எல்லாக் கதையிலயும் போனவன் திரும்பி வரான்னு சொல்றியே, ஒம் புருசன் ஏன்டி வரல?”

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சபுரா தன் முறத்தில் அன்றைக்கு நாங்கள் அதற்குள் போட்டிருந்த பதினோரு கைப்பிடிப் பருப்பையும் எங்கள் நடுவில் கொட்டினாள். வெறும் முறத்தை எடுத்துக்கொண்டு நிறுவைக்குப் போனாள்.

மறுநாள் வந்தாள். சாம்பல் பூசிக்கொண்டு உடைக்க உட்கார்ந்தாள். நாலு நாளில் அவள் விரல்களும் எங்கள் விரல்களைப் போலக் கறுத்துவிட்டன. யாரோ கதை கேட்டதற்கு என்னைக் காட்டி, “அக்காவுக்குத்தான் எழுத்து தெரியுமே, அக்கா படிக்கட்டும்” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. நான் வீம்புக்கு எடுத்தேன். ஒரு வரிக்கு மூச்சு வாங்கியது. செல்லம்மா அக்கா சொன்னாள்:

“நீ ஒரு வார்த்தய முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு மூட்டய முடிச்சிருவேன் போலருக்கே!”

சிரித்தார்கள். எப்படியோ இழுத்துக்கொண்டு கிழிந்த இடம் வரைக்கும் போனேன். “அப்பறம்?” என்றார்கள். “அவ்ளோதான். தாளு இல்ல” என்றேன். பத்துப் பேரும் சபுராவைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு கொட்டகையில் கதை நின்றுவிட்டது. அடுத்த முந்திரிக் காலத்துக்கு அவளும் தாயும் இல்லை. ஊருக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக லப்பைக்குடிகாடு வழியாகப் போனபோது இறங்கி ஒரு கடையில் கேட்டேன். “எந்த சபுராம்மா? இங்க தெருவுக்கு நாலு சபுரா” என்றார் கடைக்காரர். என்ன அடையாளம் சொல்வது? கதை நன்றாகச் சொல்லுவாள் என்று சொல்ல வாய் வந்தது. வெட்கமாக இருந்தது. ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறிவிட்டேன்.

போன வருஷம் செல்லம்மா அக்கா அரியலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பார்க்கப் போனேன். கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். குடும்பத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

“அந்த நாலு மணி பஸ்ஸுல எறங்குனது யாருடி? நீதான் படிச்சவளாச்சே.”

‘அவன்தாங்க்கா, வந்துட்டான்’ என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சபுராவாக இருந்தால் செருப்பின் நிறம் முதற்கொண்டு சொல்லியிருப்பாள். பிறகு கல்யாணப் பந்தல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

“தாளு கிழிஞ்சு போச்சுக்கா” என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மாதமே போய்விட்டாள்.

சிங்கக் கதையில் ஒன்று வரும். பொய் சொல்லுகிறவர் ஏறினால் சிங்கம் பறக்காதாம், தரையிலேயே நின்றுவிடுமாம். எழுதினவர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் அந்தச் சிங்கம் சபுராவை ஏற்றிக்கொண்டு பறந்திருக்கும். உண்மையைச் சொன்ன என்னை ஏற்றிக்கொண்டு ஓரடிகூட எழும்பியிருக்காது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செங்கல் அடுக்கியிருக்கிறார்கள். முந்திரியை மெஷின் உடைக்கிறது, பெண்களின் கை கறுப்பதில்லை. அதற்கு நான் வருத்தப்பட மாட்டேன். பருப்புக்குப் பிளாஸ்டிக் உறை வந்துவிட்டதால் நாவலை யாரும் கிழிப்பதில்லை. புத்தகங்கள் இரண்டு பக்கமும் அட்டையோடு முழுசாக வருகின்றன. அந்தக் காதல் கதையின் அச்சடித்த முடிவுகூட எங்கேயாவது ஒரு பழைய புத்தகக் கட்டுக்குள் முழுசாகக் கிடக்கலாம். அது எனக்கு வேண்டாம். அது மெட்ராஸில் முடிந்திருக்கும். சபுராவின் முடிவு எந்தத் தாளிலும் இல்லை, அவள் வாயில் மட்டும்தான் இருந்தது. கதவு திறந்தது, ஒரு கால் படியில் வந்தது, செருப்பு புதுசு என்று சொன்னாள். அதற்கு மேல் நான் விடவில்லை.